ஒரே பீப்பாய், மூன்று விலை: டீசல் கணக்கை நாம் ஏன் படிக்க வேண்டும்?



போன மாதம் எங்கள் வட்டாரக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். இயற்கை விவசாயத்துக்கு வந்து இரண்டு வருஷமே ஆன ஒரு தம்பி கையில் விலைப்பட்டியலோடு வந்தார். "அண்ணே, களையெடுக்க பவர் வீடர் வாங்கப் போறேன். பெட்ரோல் மெஷின் வாங்கறதா, டீசல் மெஷின் வாங்கறதா? டீசல் மெஷின் 35,000 ரூபா கூட. ஆனா டீசல் விலை கம்மிதானே?" என்று கேட்டார். கடன் வாங்கித்தான் வாங்கப் போகிறார். நாலு ஏக்கர் நிலம், போன வருஷம் நிலக்கடலையில் கையைச் சுட்டுக்கொண்டவர்.

"டீசல் விலை கம்மிதானே" என்ற அந்தச் சொல் என்னைக் கொஞ்சம் சுட்டது. பன்னிரண்டு, பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் இதே சொல்லை நம்பி நானும் கடன் வாங்கினேன். அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்று பிறகு உட்கார்ந்து படித்தேன். அதைத்தான் இந்தப் பாடத்தில் சொல்கிறேன்.

நான் போட்ட தப்புக் கணக்கு

2012இல் சந்தைக்கு அரிசி, காய்கறி கொண்டு போக என்னிடம் ஒரு பழைய பெட்ரோல் வேன் இருந்தது. அந்த வருஷம் மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய் 18 காசு. டீசல் 40 ரூபாய் 91 காசு. நம்ம பக்கம் இரண்டுமே சில ரூபாய் கூடுதல். இடைவெளி மட்டும் அதே 30 ரூபாய்ச் சுற்று. அந்த நேரத்தில் நாட்டில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கும் மேல் டீசல் வண்டிகள். எல்லாரும் அதே கணக்கைத்தான் போட்டார்கள்.

என் கணக்கு இது. வருஷத்துக்கு 6,300 கிலோமீட்டர் ஓட்டம். பெட்ரோல் வேனுக்கு 420 லிட்டர், டீசல் வண்டிக்கு 350 லிட்டர். பெட்ரோல் 75 ரூபாய், டீசல் 44 ரூபாய் என்று வைத்தால் 31,500க்கும் 15,400க்கும் உள்ள வித்தியாசம் 16,100 ரூபாய். வண்டிக்கு நான் கூடுதலாகப் போட்டது 1 லட்சத்து 10 ஆயிரம். ஏழு வருஷத்தில் வண்டி தன் காசை எடுத்துவிடும் என்று நினைத்தேன்.

இரண்டே வருஷத்தில், 2014 அக்டோபரில், டெல்லியில் அந்த 32 ரூபாய் இடைவெளி சுமார் 11 ரூபாய் ஆகிவிட்டது. 2020 ஜூன் 24 அன்று டெல்லியில் டீசல் பெட்ரோலையே தாண்டியது: பெட்ரோல் 79.76, டீசல் 79.88. நம்ம ஊரில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஏதோ ஐந்தாறு ரூபாய் இடைவெளி மிஞ்சியது. பெட்ரோல் 83, டீசல் 77 என்று வைத்து என் பழைய கணக்கைத் திரும்பப் போட்டேன். 16,100 ரூபாய் மிச்சம் 7,910 ஆகச் சுருங்கியிருந்தது. டீசல் வண்டியின் கூடுதல் சர்வீஸ் செலவும் கடன் வட்டியும் இதில் சேரவில்லை. ஏழு வருஷக் கணக்கு பதினாலு வருஷக் கணக்காகிவிட்டது. அந்த வருஷம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வேறு இடத்தில் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று.

விலை ஏறும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு எரிபொருளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியும் மாறும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

நெல் மூட்டையும் எண்ணெய்ப் பீப்பாயும்

ஒரு மூட்டை நெல்லை அரவை மில்லில் போட்டால் என்ன வரும்? அரிசி, குருணை, தவிடு, உமி. தவிட்டுக்கு நல்ல விலை இருக்கிறது என்பதற்காகத் தவிடு மட்டும் அரைக்க முடியாது. தவிடு வேண்டுமானால் அரிசியும் வரும். தீட்டுவதைக் கூட்டிக் குறைத்து அளவைக் கொஞ்சம் மாற்றலாம், அவ்வளவுதான். தவிட்டு விலையும் அரிசி விலையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதும் இல்லை. ஒன்றை மாடு கேட்கிறது, இன்னொன்றை மனுஷன் கேட்கிறான்.

கச்சா எண்ணெயும் அப்படித்தான். காய்ச்சி ஆவியாக்கிப் பிரிக்கும்போது லேசான பகுதி பெட்ரோலாக வருகிறது. அடுத்து மண்ணெண்ணெய், விமான எரிபொருள். அதற்கும் கீழே டீசல். அடியில் கனமான எண்ணெயும் தாரும். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். அமெரிக்காவில் ஒரு பீப்பாயிலிருந்து ஏறக்குறைய 72 முதல் 75 லிட்டர் பெட்ரோலும் 42 முதல் 49 லிட்டர் டீசல் வகையும் எடுக்கிறார்கள். அங்கே கார்தான் ராஜா, ஆலைகளையும் அதற்கேற்பக் கட்டியிருக்கிறார்கள். நம்ம நாட்டில் கதை தலைகீழ். இங்கே செலவாகும் எண்ணெய்ப் பொருள்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு டீசல். லாரி, பஸ், டிராக்டர், ஆயில் இன்ஜின் எல்லாம் அதைத்தான் குடிக்கின்றன.

டீசலின் உடன்பிறப்பு

டீசலுக்கு நம்ம ஊரில் அதிகம் தெரியாத ஒரு உடன்பிறப்பு உண்டு. அது வீடு சூடாக்கும் எண்ணெய். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்க நிலவறையில் ஒரு தொட்டி வைத்து இந்த எண்ணெயை எரிக்கிறார்கள். மெய்ன் மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் இதை நம்பியிருக்கின்றன. ஆலையில் டீசல் வரும் அதே அடுக்கிலிருந்துதான் இதுவும் வருகிறது. கந்தக அளவும் வரியும்தான் பெரிய வித்தியாசமாக இருந்தன. நியூயார்க் மாநிலம் 2012இல் இந்த எண்ணெய்க்கும் டீசல் போலவே கந்தகக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பக்கத்து மாநிலங்களும் பின்னாலேயே வந்தன. இப்போது வரியையும் சாயத்தையும் விட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

ஆகவே அங்கே ஒரு பழைய ஒழுங்கு இருந்தது. கோடையில் ஜனங்கள் காரில் ஊர் சுற்றுவார்கள், பெட்ரோல் விலை ஏறும். பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்குவார்கள், சூடாக்கும் எண்ணெய் ஏறும். கூடவே டீசலும் ஏறும். வருஷக் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் டீசல்தான் மலிவு. 2004 செப்டம்பருக்குப் பிறகு இந்த ஒழுங்கு உடைந்தது. அன்றிலிருந்து அமெரிக்காவில் பெரும்பாலும் டீசல்தான் விலை அதிகம்.

காரணங்கள் மூன்று. ஒன்று, ஐரோப்பாவில் டீசல் கார்களும் சீனாவில் லாரிகளும் தொழிற்சாலைகளும் பெருகின. உலகம் முழுக்க டீசலுக்குத் தேவை கூடியது. இரண்டு, 2006 முதல் அமெரிக்காவில் சாலை டீசலில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 15 பங்காகக் குறைக்கச் சொன்னார்கள். முன்பு அது 500. கந்தகத்தை எடுக்கச் செலவு உண்டு. மூன்று, அங்கே மத்திய வரியே டீசலுக்குக் கேலனுக்கு 6 சென்ட் கூடுதல்.

அங்கே பனி, இங்கே என்ன?

மெய்னில் பனி கொட்டினால் என் கிணற்று மேட்டு ஆயில் இன்ஜினுக்கு என்ன வந்தது? நியாயமான கேள்விதான்.

இந்தியாவில் பங்க் விலைக்கு அடிப்படை வெறும் கச்சா எண்ணெய் விலை கிடையாது. வெளிச்சந்தையில் பெட்ரோலும் டீசலும் தனித்தனியாக என்ன விலைக்குப் போகின்றன என்பதை வைத்துத்தான் ஆலை விலையைப் போடுகிறார்கள். உலகத்தில் டீசல் தட்டுப்பாடு என்றால், கச்சா எண்ணெய் அவ்வளவு ஏறாவிட்டாலும் டீசல் தனியாக ஏறும். நம்ம நாட்டு ஆலைகள் டீசலை ஏற்றுமதியும் செய்கின்றன. 2022இல் உக்ரைன் போர் வந்தது. அதுவரை ஐரோப்பாவுக்கு டீசல் கொடுத்த பெரிய நாடு ரஷ்யா. அந்தப் பனிக்காலத்துக்கு முன்பு அமெரிக்காவில் டீசல், பெட்ரோலைவிடக் கேலனுக்கு ஒரு டாலருக்கும் மேல் உயர்ந்து நின்றது. இங்கே 2022 ஜூலை 1 அன்று மத்திய அரசு ஏற்றுமதி டீசலுக்கு லிட்டருக்கு 13 ரூபாயும் பெட்ரோலுக்கு 6 ரூபாயும் வரி போட்டது. எந்த எண்ணெயில் லாபம் கொட்டியது என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

அதே 2022 மார்ச்சில் இன்னொன்றும் நடந்தது. மொத்தமாக வாங்குவோருக்கு டீசல் விலையை லிட்டருக்குச் சுமார் 25 ரூபாய் கூட்டினார்கள். பங்கில் மட்டும் ஏற்றவில்லை. பஸ்ஸும் லாரியும் பங்கில் வந்து வரிசையில் நின்றன. பங்க் பலகையில் நாம் பார்க்கும் விலை உண்மைச் சந்தை விலை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

வரி என்னும் மடை

2012இன் 32 ரூபாய் இடைவெளியை உருவாக்கியது சந்தையா? கிடையாது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், டீசலுக்கு வைத்துக்கொண்டார்கள். அதனால் பெட்ரோல் பறந்தது, டீசல் கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்றது. 2013 ஜனவரி முதல் மாதம் 50 காசு வீதம் டீசலை ஏற்றினார்கள். 2014 அக்டோபரில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

பிறகு கலால் வரி வந்தது. 2014இல் லிட்டருக்குப் பெட்ரோலுக்கு 9.48, டீசலுக்கு 3.56. 2020 மே மாதத்தில் பெட்ரோலுக்கு 32.98, டீசலுக்கு 31.83. பெட்ரோல் வரி மூன்றரை மடங்கு ஆனது. டீசல் வரி ஏறக்குறைய ஒன்பது மடங்கு. கொரோனா காலத்தில் உலகமே வண்டியை நிறுத்தி, கச்சா எண்ணெய் தரைக்கு வந்தபோதும் நமக்கு விலை இறங்காததற்கு இதுதான் காரணம். டெல்லியில் மாநில வரியையும் டீசலுக்கு 30 சதவீதமாக்கியிருந்தார்கள். அதனால்தான் அங்கே டீசல் தாண்டிப்போனது.

அதன் பிறகு இடைவெளி மறுபடி விரிந்தது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோலுக்கு மட்டும் 3 ரூபாய் வரி குறைத்தது, டீசலுக்குக் குறைக்கவில்லை. அதே வருஷம் நவம்பரில் மத்திய அரசு பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைத்தது. 2022 மே மாதம் பெட்ரோலுக்கு 8, டீசலுக்கு 6. பாருங்கள், ஒவ்வொரு முறையும் இரண்டுக்கும் வேறு வேறு எண். மடையை யார் எந்தப் பக்கம் திருப்புகிறார்களோ அந்தப் பக்கம் இடைவெளி ஓடும்.

நீலமும் சிவப்பும்

ரேஷன் கடை மண்ணெண்ணெய் ஏன் நீலமாக இருக்கிறது என்று சின்ன வயதில் யோசித்திருப்பீர்கள். மலிவு மண்ணெண்ணெயை டீசலில் கலந்து விற்பதைக் கண்டுபிடிக்கப் போட்ட சாயம் அது. அமெரிக்காவில் சூடாக்கும் எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம். ஏனென்றால் அதற்குச் சாலை வரி கிடையாது. லாரித் தொட்டியில் சிவப்பு தெரிந்தால் அபராதம். ஒரே மாதிரி எண்ணெய்க்கு இரண்டு விலை வைத்தால் நடுவில் திருட்டு வரும். அதைத் தடுக்கத்தான் சாயம்.

இதில் நமக்கு ஒரு சேதி இருக்கிறது. அமெரிக்க உழவர் தன் டிராக்டருக்கு ஊற்றுவதும் அந்தச் சிவப்பு டீசல்தான். வயலில் ஓடும் வண்டி சாலையைத் தேய்ப்பதில்லை, அதனால் சாலை வரி இல்லை என்பது அங்கே கணக்கு. தமிழ்நாட்டில் மீனவர்களுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் கொடுக்கிறார்கள், நல்ல காரியம். உழவர் மட்டும் கிணற்று மேட்டில் நிற்கும் இன்ஜினுக்கு ஊற்றும் டீசலுக்கும் சாலைக்கான மேல்வரியைச் சேர்த்தே கட்டுகிறார். 2021 பிப்ரவரி முதல் வேளாண் கட்டமைப்பு மேல்வரி என்று லிட்டருக்கு 4 ரூபாயும் டீசல் விலையில் சேர்ந்தது. பெட்ரோலுக்கு அது 2.50தான். உழவின் பெயரால் வாங்கும் வரியில் உழவரின் எரிபொருளுக்கே அதிகம். சங்கக் கூட்டங்களில் பேச வேண்டிய விஷயம் இது.

என் வீட்டு நோட்டு

பேசுவதோடு நின்றால் அடுத்த உழவுக்கு டீசல் வந்துவிடாது. ஆகவே போன வருஷம் ஒரு காரியம் செய்தேன். ரூபாயில் எழுதாமல் லிட்டரில் எழுதினேன். எனக்கு ஐந்து ஏக்கர். கிணற்றுக்கு மின் இணைப்பு கேட்டுக் காத்திருக்கிறேன்; அதுவரை ஆயில் இன்ஜின்தான். வருஷம் 210 மணி நேரம் ஓடியது, மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர், 210 லிட்டர். டிராக்டர் உழவும் ரொட்டவேட்டரும் சேர்த்து 150 லிட்டர். இது வாடகை வண்டி. டிரைவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். சந்தைக்குப் போகும் வண்டிக்கு 350 லிட்டர். மொத்தம் 710 லிட்டர்.

எழுதிப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. என் வயல் முழுக்கக் குடித்தது 360 லிட்டர். கிட்டத்தட்ட அதே அளவைச் சாலை குடித்திருக்கிறது. யூரியா மூட்டையை வாசலிலேயே நிறுத்திவிட்டேன், பூச்சிமருந்து டப்பா வீட்டில் கிடையாது என்று பத்துப் பேரிடம் பெருமை பேசியவன் நான். வெளியிலிருந்து வரும் இடுபொருளில் பெரியதான டீசல் கேனை மட்டும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். களைக்கொல்லி அடிக்காத நாம், களைக்காகவே கூடுதலாக ஓர் உழவு ஓட்டுகிறோம். டீசல் ஏறினால் அந்த அடி நமக்கும் விழும். டிராக்டர் வாடகை டீசல் ஏறும்போது ஏறும். இறங்கும்போது இறங்கி நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் மூன்று மாற்றம் செய்தேன். பக்கத்து இரண்டு உழவர்களோடு சேர்ந்து ஒரே வண்டியில் சந்தைக்குப் போகிறோம். முறை வைத்து ஓட்டுகிறோம். என் பங்கு 350 லிட்டரிலிருந்து 130க்குள் வந்துவிட்டது. காய்கறிப் பாத்திகளில் மூடாக்கைக் கனமாகப் போட்டேன். தண்ணீர் விடும் இடைவெளி நாலு நாளிலிருந்து ஆறு நாளானது. பலதானியத்தை ரொட்டவேட்டரால் இரண்டு தடவை அடிப்பதை ஒரு தடவையாக்கினேன். மூன்றாவதில் முழு வெற்றி இல்லை. ஒரு வயலில் கோரை கிளம்பிவிட்டது, ஆள் விட்டுத்தான் எடுத்தோம். கூலி கொடுத்தேன். ஆனால் அந்தக் கூலி நம்ம ஊருக்குள்ளேயே போனது.

தம்பிக்குப் போட்ட கணக்கு

இப்போது பவர் வீடருக்கு வருவோம். முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: விலை சமம் என்றால் வேலையும் சமம் என்று ஆகாது. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட எட்டில் ஒரு பங்குக்கு மேல் சக்தி கூடுதல். டீசல் இன்ஜின் அந்தச் சக்தியை வீணாக்குவதும் குறைவு. அதனால் தம்பியின் மெஷினுக்குப் பெட்ரோல் மணிக்கு ஒரு லிட்டர் என்றும் டீசல் முக்கால் லிட்டருக்குச் சற்று மேலாக, 0.8 என்றும் வைத்தோம். அவருக்கு வருஷத்தில் 80 மணி நேர வேலை.

இடைவெளி மாறும் என்று தெரிந்துவிட்டதால் ஒரே கணக்கை மூன்று விதமாகப் போட்டோம்.

பெட்ரோல் 100, டீசல் 92 என்றால், டீசல் மெஷினில் வருஷ மிச்சம் 2,112 ரூபாய். கூடுதல் விலையான 35,000 திரும்ப 16 வருஷத்துக்கு மேல்.

2012 போல இடைவெளி 30 ரூபாய், டீசல் 70 என்றால், மிச்சம் 3,520. பத்து வருஷம்.

2020 டெல்லி போல இரண்டும் 100 என்றால், மிச்சம் 1,600. ஏறக்குறைய 22 வருஷம்.

மூன்றிலும் பதில் ஒன்றுதான்: அவருடைய 80 மணி நேரத்துக்கு டீசல் மெஷின் வேண்டாம். வாடகைக்கு விட்டு வருஷம் 500 மணி நேரம் ஓட்டினால், இரண்டும் 100 ரூபாய் ஆனால்கூட வருஷத்துக்கு 10,000 மிச்சம். மூன்றரை வருஷத்தில் காசு திரும்பும். அப்போது டீசல் மெஷின் சரி. முடிவு செய்தது விலை இடைவெளி அல்ல, ஓடும் மணி நேரம். என் பழைய வண்டிக் கணக்கில் ஏழு வருஷம் பதினாலு வருஷமாக மாறியது. அப்படி மூன்று கணக்கிலும் பதில் வேறு வேறாக வந்தால், நீங்கள் வாங்குவது மெஷின் மட்டுமல்ல, டெல்லி வரி மேலும் ஐரோப்பாவின் பனி மேலும் கட்டும் பந்தயம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணே, 80 மணி நேரத்துக்குச் சொந்த மெஷினே வேணுமா?" என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது அவரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து ஒரு மெஷின் வாங்குவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்தால் 400 மணி நேரம். எந்த மெஷின் என்று புதுக் கணக்குப் போட வேண்டும்.

வீட்டுப்பாடம்

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுங்கள். இன்றிலிருந்து தண்ணீர் இறைப்பு, உழவு, போக்குவரத்து என்று மூன்று கட்டம் போட்டு லிட்டரை மட்டும் எழுதுங்கள். வாடகை டிராக்டரின் டீசலையும் கேட்டு எழுதுங்கள். வருஷ முடிவில் வரும் மொத்த லிட்டர்தான், டீசல் ஒரு ரூபாய் ஏறினால் உங்கள் வீட்டுக்கு விழும் அடி. எனக்கு அது 710 ரூபாயாக இருந்தது. இந்த வருஷம் 450க்குள் வரும் என்று நினைக்கிறேன். உங்கள் அரிசிக்கும் காய்க்கும் விலை வைக்கும்போது இந்த லிட்டரையும் செலவில் சேருங்கள். சோலார் பம்ப் போட நினைப்பவர்கள், உங்கள் இறைப்பு லிட்டரை எழுதி எடுத்துக்கொண்டு வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் பற்றிக் கேளுங்கள்; கணக்கு கையில் இருந்தால் பேசுவது சுலபம்.

பீப்பாயின் விலையை நாம் வைக்க முடியாது. எத்தனை லிட்டர் நம்ம வரப்புக்குள் வரலாம் என்பதை மட்டும் நாம் வைக்கலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.